மீன் தொட்டி எல்இடி விளக்கு: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது எப்படி?

"விளக்கில் ஏதோ பிரச்சினை" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். விளக்கு சரியாக எரியவில்லையா, இல்லை, விளக்கு எரிவதால் தொட்டிக்குள் ஏதாவது சரியில்லையா? விட்டு விட்டு எரிவது, பாதி அணைந்து கிடப்பது, உள்ளே நீர் கோத்துக்கொள்வது எல்லாம் முதல் வகை. வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் ஒரு மணி நேரத்தில் காரணம் தெரிந்துவிடும். பாசி, நெடுநெடுவென்று இளைத்து நிற்கும் செடி, மூலையில் பதுங்கும் மீன் எல்லாம் இரண்டாம் வகை. அங்கே விளக்கில் பெரும்பாலும் பழுது இருக்காது. எத்தனை மணி நேரம் எரிகிறது, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, எவ்வளவு பிரகாசமாக இருக்கிறது என்பதில்தான் பிழை. சரியாகிவிட்டதா என்று தெரிய இரண்டு மூன்று வாரம் பிடிக்கும்.

இந்த இரண்டாம் வகையில்தான் பலர் பணத்தை இழக்கிறார்கள். நன்றாக எரியும் விளக்கைக் கழற்றி வைத்துவிட்டு அதைவிடப் பெரியதாக ஒன்றை மாட்டுகிறார்கள். அடுத்த மாதம் பாசி இரட்டிப்பாகி நிற்கிறது. அதனால் எதையும் வாங்குவதற்கு முன் கீழே உங்கள் அறிகுறி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நேரத்தையும் குறைத்து, உரத்தையும் நிறுத்தி, தண்ணீரையும் மாற்றினால் எது பலித்தது என்று கடைசிவரை தெரியாது.

கை வைப்பதற்கு முன்

பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஏன் என்பது கீழே ஓரிடத்தில் வருகிறது. ஈரக் கையோடு பிளக்கைத் தொடாதீர்கள். வயர் நேராகச் சாக்கெட்டுக்குள் போகாமல், சாக்கெட்டுக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கிவிட்டு மேலேறட்டும். வயர் வழியே வழியும் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், சாக்கெட்டுக்குள் போகாது. தொட்டிக்கான இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச் இல்லையென்றால், அடுத்த விளக்கு வாங்குவதைத் தள்ளிப்போட்டு முதலில் அதைப் போட்டுவிடுங்கள்.

விளக்கு அறவே எரியவில்லை

சுவரிலிருந்து விளக்கை நோக்கி ஒவ்வொன்றாகப் பாருங்கள். சாக்கெட்டில் வேறொரு பொருளைச் செருகிப் பாருங்கள். அது வேலை செய்தால் டைமரைக் கழற்றிவிட்டு விளக்கை நேரடியாகச் செருகுங்கள். இந்தக் கட்டத்திலேயே பாதிப் பேருக்கு விளக்கு எரிந்துவிடும், குற்றவாளி டைமர். இல்லையென்றால் அடுத்தது அடாப்டர்.

அடாப்டரின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் 'வெளியீடு' என்ற வரியைப் படியுங்கள். 12 வோல்ட், 2 ஆம்பியர் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். மல்டிமீட்டரில் ஏறத்தாழ 12 காட்ட வேண்டும். பூஜ்யம் காட்டினாலோ எண் நிற்காமல் குதித்தாலோ அடாப்டர் போய்விட்டது. புதியது வாங்கும்போது வோல்ட் அதேதான் இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ அதற்கு மேலோ இருக்கலாம். 12 வோல்ட் விளக்குக்கு 3 ஆம்பியர் அடாப்டர் போட்டால் ஒன்றும் ஆகாது, விளக்கு தனக்குத் தேவையானதை மட்டும்தான் இழுக்கும். 1 ஆம்பியர் போட்டால் அது சூடாகிச் சீக்கிரமே செத்துவிடும். 24 வோல்ட் போட்டால் போவது விளக்கு. முனையின் நடுப்பகுதி பாசிட்டிவா நெகட்டிவா என்று லேபிளில் சின்னப் படம் இருக்கும், அதையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சில விளக்குகளின் லேபிளில் வோல்ட் ஒரே எண்ணாக இருக்காது. '300 மில்லி ஆம்பியர், 24 முதல் 42 வோல்ட் வரை' என்பதுபோல ஆம்பியர் நிலையாகவும் வோல்ட் ஒரு வரம்பாகவும் போட்டிருக்கும். அது சாதாரண அடாப்டர் இல்லை, மின்னோட்டத்தை நிலையாக வைத்திருக்கும் டிரைவர். அதற்குப் பதிலாக வேறு அடாப்டரைச் செருகினால் விளக்கு எரியாது, அல்லது கருகும். அதே வகை டிரைவரையே தேடி வாங்க வேண்டும்.

அடாப்டர் நன்றாக இருக்கிறது, விளக்கு எரியவில்லை என்றால் இணைப்பு முனையைப் பாருங்கள். வெளிச்சத்தில் பிடித்து உள்ளே உற்றுப் பார்க்க வேண்டும். என் பழைய விளக்கு ஒன்று இப்படித்தான் திடீரென்று நின்றுபோனது. முனைக்குள் எட்டிப் பார்த்தால், நடு ஊசியைச் சுற்றிப் பச்சைப் பொடி பூத்திருந்தது. ஈரக்காற்று பட்டுப் பட்டுச் செம்பு அரித்த பச்சை. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பழைய பல் தூரிகையால் தேய்த்து, ஒரு மணி நேரம் காயவிட்டுச் செருகினேன். எரிந்தது. ஏர் பம்ப் குமிழிகள் வெடித்துத் தெறிக்கும் இடத்துக்கு நேர் மேலே அந்த முனை இருந்ததுதான் காரணம் என்று அப்புறம்தான் புரிந்தது. முனையை இடம் மாற்றிய பிறகு அந்தத் தொல்லை இல்லை.

ஒரு பகுதி மட்டும் எரியவில்லை

எல்இடி விளக்குக்குள் சில்லுகள் தனித்தனியாக எரிவதில்லை, தொடராகக் கோக்கப்பட்டிருக்கும். ஒரு வெள்ளைச் சில்லுக்குச் சுமார் 3 வோல்ட் வேண்டும். 12 வோல்ட் பட்டையில் மூன்று சில்லும் ஒரு ரெசிஸ்டரும் சேர்ந்து ஒரு தொகுதி. அதில் ஒன்று அறுந்தால் மூன்றும் சேர்ந்து அணையும். அதனால் மூன்று சில்லு இருட்டாகக் கிடந்தால் மூன்றும் போய்விட்டதாக நினைக்க வேண்டாம், அநேகமாக ஒன்றுதான் போயிருக்கும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மரக்குச்சி போல மின்சாரம் கடத்தாத எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள். 12 அல்லது 24 வோல்ட் பட்டை என்றால் மட்டும், தண்ணீரைவிட்டுத் தள்ளி உலர்ந்த மேசையில் வைத்து மறுபடி எரியவிட்டு, அணைந்த தொகுதியின் ஒவ்வொரு சில்லையும் குச்சியால் மெல்ல அழுத்துங்கள். அழுத்தும்போது எரிந்து, விட்டதும் அணைந்தால் ஈய ஒட்டில் விரிசல். தினமும் சூடேறி ஆறி வருவதில் இது நடக்கும். சால்டரிங் பழக்கம் இருந்தால் ஐந்து நிமிட வேலை. முழுக்க ரெசினில் மூடிய விளக்கு என்றால் பிரிக்க முயல வேண்டாம். உத்தரவாதக் காலம் இருந்தால் அனுப்பிவிடுங்கள்.

வெள்ளை எரிகிறது, சிவப்பு மட்டும் மொத்தமாக இல்லை என்றால் கதை வேறு. அத்தனை சிவப்புச் சில்லும் ஒரே நாளில் சாகாது. கன்ட்ரோலரில் அந்த வரிசை போயிருக்கும், அல்லது யாரோ அமைப்பில் அதைப் பூஜ்யத்துக்கு இறக்கியிருப்பார்கள். இரண்டாவதை முதலில் சரிபாருங்கள்.

சிமிட்டுகிறது, விட்டு விட்டு எரிகிறது

எப்போது சிமிட்டுகிறது என்பதிலேயே விடை இருக்கிறது.

ஒரு விநாடிக்கு ஒருமுறை என்பதுபோலத் தாளம் தவறாமல் எரிந்து அணைந்தால், டிரைவர் கிளம்பப் பார்க்கிறது, ஏதோ தடுக்கிறது, தன்னைக் காத்துக்கொள்ள அணைத்துக்கொள்கிறது என்று பொருள். எங்கேயோ ஷார்ட் இருக்கும், அல்லது அடாப்டரின் சக்தி போதவில்லை. உடனே நிறுத்திவிடுங்கள். முதலில் ஈரம் இருக்கிறதா என்று தேடுங்கள்.

காலையில் நன்றாக எரிந்து, அரை மணி நேரம் கழித்துச் சிமிட்டத் தொடங்கினால் சூடுதான் காரணம். தொட்டியின் மேல்மூடியான ஹூடுக்குள் காற்றோட்டம் இல்லாமல் வைத்திருப்பீர்கள், அல்லது டிரைவருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் வயதாகி உலர்ந்திருக்கும். மூடியைத் திறந்து வைத்து ஒரு நாள் பாருங்கள். சிமிட்டல் நின்றால் காற்றோட்டம் செய்து கொடுத்தால் போதும். நிற்கவில்லையென்றால் டிரைவரை மாற்ற வேண்டியதுதான்.

ஃபிரிட்ஜோ மோட்டாரோ ஓடத் தொடங்கும் கணத்தில் மட்டும் ஒருமுறை வெட்டினால் அது வீட்டு மின்னழுத்தம் தாழ்வது. விளக்கின் குற்றமில்லை.

பிரகாசத்தைக் குறைத்து வைக்கும்போது மட்டும், அதுவும் போன் கேமராவில் பட்டை பட்டையாகத் தெரிந்தால், அது பழுதே அல்ல. பல டிம்மர்கள் வெளிச்சத்தைக் குறைப்பது, விளக்கை மிக வேகமாக அணைத்து எரியவைத்துத்தான். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். கண்ணுக்கே தெரிகிற அளவு இருந்தால் மட்டும் வேறு டிம்மர் பாருங்கள். சுவரில் ஃபேனுக்கோ குண்டு பல்புக்கோ போட்டிருந்த ரெகுலேட்டரில் எல்இடியைக் கோக்காதீர்கள், இரண்டுக்கும் ஒத்துவராது.

அணைத்த பிறகும் மங்கலாக ஒளிர்கிறது

சுவிட்சுக்குள் சிறு சிவப்பு விளக்கு இருந்தால் அதன் வழியாகக் கசியும் மிகச் சிறிய மின்னோட்டமே எல்இடியை மங்கலாக எரிய வைத்துவிடும். இது தொல்லை இல்லாதது. ஆனால் இன்னொரு காரணமும் உண்டு. சுவிட்சை லைன் வயரில் போடாமல் நியூட்ரலில் போட்டிருந்தாலும் இப்படி ஒளிரும். அப்போது சுவிட்சை அணைத்தாலும் விளக்கு வரை மின்சாரம் வந்து நிற்கிறது. தொட்டிக்குள் கை விடும் இடம் அது. எலக்ட்ரீஷியனை வரவழைத்துப் பார்த்துவிடுங்கள். பிளக்கைப் பிடுங்கச் சொன்னது இதற்காகத்தான்.

சொன்ன நேரத்துக்கு அணைவதில்லை

சுழல் டைமர் மின்சாரம் போகும்போதெல்லாம் நின்றுவிடும். மூன்று மணி நேரம் மின்வெட்டு என்றால் அன்றிலிருந்து எல்லாம் மூன்று மணி நேரம் தள்ளிப்போகும். யாரும் கவனிக்காமல் நள்ளிரவு வரை எரியும் தொட்டிகள் நிறைய. உள்ளே பேட்டரி வைத்த டிஜிட்டல் டைமர் நல்லது. நேரம் சரியாகக் காட்டியும் அணையவில்லை என்றால், உள்ளே மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலே ஒட்டிக்கொண்டிருக்கும். எல்இடி டிரைவர்கள் எரியத் தொடங்கும் கணத்தில் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் மிக அதிக மின்னோட்டத்தை இழுக்கும். மலிவான டைமரின் முனைகள் அதில் உருகி ஒட்டிக்கொள்ளும். தட்டினால் விடும், மறுபடி ஒட்டும். மாற்றிவிடுங்கள்.

முன்பைவிட மங்கலாக இருக்கிறது

விளக்கைக் குறை சொல்வதற்கு முன் மூடிக் கண்ணாடியைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். தெறித்த நீர் காய்ந்து காய்ந்து, வெள்ளைப் புள்ளிகளாகத் தொடங்கிய உப்புக் கறை பனி படர்ந்ததுபோல முழுக்க மூடியிருக்கும். தினமும் பார்ப்பதால் கண்ணுக்குப் பழகிப்போயிருக்கும். வினிகரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் மேலே போட்டு வைத்துத் துடைத்து, நல்ல நீரில் கழுவி மாட்டுங்கள். தொட்டிக்கு வெளியே வைத்துச் செய்ய வேண்டிய வேலை இது.

அடுத்து மிதக்கும் செடி. மேற்பரப்பு பாதிக்கு மேல் மூடியிருந்தால் கீழே அந்தி நேரம்தான். அதற்கடுத்து நீரின் நிறம். புது மரக்கட்டை போட்ட தொட்டியில் நீர் தேநீர் நிறத்துக்குப் போகும். அந்த நிறம் நீல ஒளியைத்தான் அதிகம் விழுங்கும்.

இவை எதுவும் இல்லையென்றால் வயது. எல்இடி குண்டு பல்பைப் போலப் பட்டென்று சாவதில்லை, மெல்ல மெல்ல மங்கும். பெட்டியில் 50,000 மணி நேரம் என்று போட்டிருந்தால், நாளுக்கு 8 மணி நேரக் கணக்கில் 17 வருடம் வருகிறது. ஆனால் அந்த எண் பொதுவாகக் குறிப்பது, வெளிச்சம் ஆரம்ப அளவில் 70 சதவீதத்துக்கு இறங்க ஆகும் காலத்தை. அதுவும் போதிய குளிர்ச்சி இருந்தால்தான். விளக்கின் மேற்புறத்து உலோகத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். இதமான சூடு என்றால் சரி. கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் அந்த விளக்கு பெட்டியில் போட்ட ஆயுளைக் காணாது.

விளக்குக்குள் நீர்த்துளி

கண்ணாடியின் உட்புறம் பனித்திருந்தால் உடனே நிறுத்துங்கள். தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தாங்கும் என்று காட்டும் ஐபி எண்ணை லேபிளில் பாருங்கள். கடைசி இலக்கம்தான் தண்ணீருக்கு. ஐபி 65 என்றால் பீய்ச்சும் நீரைத் தாங்கும், மூழ்கினால் தாங்காது. ஐபி 67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். ஐபி 68தான் தொடர்ந்து நீருக்குள் இருக்கலாம். விளிம்பில் உட்காரும் விளக்குக்கு 65 போதும் என்றாலும், தண்ணீருக்குள் தவறி விழ வாய்ப்புள்ள இடத்தில் 67க்குக் குறையாமல் வைப்பது என் வழக்கம். நனைந்த விளக்கைச் சிலிக்கா ஜெல் பைகளோடு மூடிய டப்பாவில் சில நாள் வைத்து, முழுக்கக் காய்ந்த பிறகு மட்டும் சோதியுங்கள். கடல்நீர் என்றால் காய்ந்தாலும் உப்பு உள்ளேயே நிற்கும், அரித்துக்கொண்டே இருக்கும். அதை மீட்கப் பார்ப்பதில் பயனில்லை.

மின்சாரம் பற்றியது இவ்வளவுதான். இனி தொட்டிக்குள்.

புது எல்இடி போட்டதும் பாசி

முதலில் இது ஏன் நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பழைய குழல் விளக்கு எல்லாத் திசையிலும் ஒளியைக் கொட்டும். பாதி மேலே போய் வீணாகும். எல்இடி சுமார் 120 டிகிரி விரிவில் கீழ்நோக்கி மட்டுமே கொட்டும், அதே வாட்டுக்கு அதிக வெளிச்சமும் தரும். அதனால் 'பழையது 30 வாட், இதுவும் 30 வாட்' என்று மாட்டினால் செடிக்குக் கிடைப்பது இரண்டு மடங்கைக்கூடத் தொடலாம். வாட்டை மறந்துவிடுங்கள். விளக்கு தரும் மொத்த வெளிச்சத்தின் அளவான லூமென், தோராயக் கணக்குக்குப் போதும். லிட்டருக்கு 10 முதல் 20 லூமென் என்றால் குறைந்த ஒளி. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், மாஸ், கிரிப்டோகோரைன் போன்ற செடிகள் எல்லாம் இதில் நன்றாக இருக்கும். 20 முதல் 40 வரை நடுத்தரம். 40க்கு மேல் போனால் கார்பன் டை ஆக்சைடும் உரமும் ஒழுங்காகக் கொடுக்காமல் சமாளிக்க முடியாது.

நானே இதில் மாட்டியிருக்கிறேன். புது விளக்கை முழுப் பிரகாசத்தில், நாளுக்கு 10 மணி நேரம் எரியவிட்டேன். முதல் இரண்டு வாரம் தொட்டி அத்தனை அழகு. மூன்றாம் வாரம் அனுபியாஸ் இலையின் விளிம்பில் ஏதோ கருப்பாகத் தெரிந்தது. கண்ணாடியில் மூக்கு உரசப் பார்த்தேன். இலை விளிம்பு நெடுக, கால் சென்டிமீட்டர் நீளத்தில், ஒன்றையொன்று ஒட்டாமல் நிமிர்ந்து நிற்கும் கருமுடிகள். நீரோட்டத்தில் ஆடின, கிள்ளினால் வரவில்லை, இலைதான் கிழிந்தது. ஒரே மாதத்தில் ஃபில்டர் குழாய், மரக்கட்டை எல்லாவற்றிலும் அதே தாடி.

பாசி எல்லாம் ஒன்றல்ல. எது வந்திருக்கிறது என்று பார்க்காமல் விளக்கை மட்டும் குறைப்பதில் பயனில்லை.

விரலால் தொட்டால் பொடியாக வரும் பழுப்பு நிறம், அதுவும் தொட்டி வைத்து முதல் இரண்டு மாதத்துக்குள் என்றால் அது டயட்டம். விளக்குக்கும் அதற்கும் பெரிய தொடர்பில்லை. துடைத்துவிட்டுக் காத்திருங்கள், தொட்டி முதிரும்போது தானே போகும். நெரைட் நத்தையும் ஓட்டோசிங்க்லஸ் மீனும் விரும்பித் தின்னும்.

கண்ணாடியிலும், மெல்ல வளரும் இலைகளிலும் கெட்டியான பச்சைப் புள்ளிகள் என்றால் வெளிச்சம் மிகுதி. பாஸ்பேட் குறைவும் சேர்ந்திருக்கலாம். கண்ணாடியில் பிளேடால் சுரண்டுங்கள். அக்ரிலிக் தொட்டியில் பிளேடு வேண்டாம், கோடு விழும். அனுபியாஸை விளக்குக்கு நேர் கீழே வைக்காமல் உயரமான செடியின் நிழலுக்கு நகர்த்துங்கள்.

நீர் முழுக்கப் பச்சையாகி மீனே தெரியவில்லை என்றால் மிதக்கும் ஒற்றைச் செல் பாசி. தண்ணீர் மாற்றி மாற்றிக் களைத்துப்போவீர்கள். மிச்சமிருப்பது ஓரிரு நாளில் பெருகிவிடும். விளக்கை அணைத்து, கனமான துணியால் தொட்டியை 3 முதல் 4 நாள் முழுக்க மூடுங்கள். ஏர் பம்ப் ஓடியே ஆக வேண்டும், ஏனென்றால் இருட்டில் பாசியும் செடியும் ஆக்சிஜனை இழுக்கும். மூடும் முன்பும் திறந்த பிறகும் பெரிய அளவில் நீர் மாற்றுங்கள். புற ஊதா விளக்கு பொருத்திய ஃபில்டரும் இதற்கு மிக நன்றாக வேலை செய்யும்.

நூல் நூலாக நீண்டால், பல் தூரிகையைச் சுழற்றிச் சுருட்டி எடுங்கள். நேரத்தைக் குறைப்பது இதற்குப் பலிக்கும். வழவழவென்று பாயைப் போல உரிந்து வந்து, மண் நாற்றம் அடிக்கும் நீலப்பச்சை என்றால் அது பாசியே அல்ல, சயனோபாக்டீரியா. உறிஞ்சி எடுத்து, தேங்கிய மூலைக்கு நீரோட்டம் போகச் செய்து, மேலே சொன்ன இருட்டடிப்பைச் செய்யுங்கள்.

எனக்கு வந்த கருந்தாடி உண்மையில் சிவப்புப் பாசி இனத்தைச் சேர்ந்தது. செத்தால் அந்தச் சிவப்பு வெளியே தெரியும். விளக்கைக் குறைத்தால் பரவுவது நிற்கும், இருப்பது போகாது. மோசமான இலைகளை அடியோடு வெட்டிவிடுங்கள். ஃபில்டரைக் கழுவுங்கள். கார்பன் டை ஆக்சைடு கொடுப்பவர் என்றால் அளவு நாளுக்கு நாள் ஏறி இறங்காமல் பாருங்கள். இந்தப் பாசிக்கு அந்த ஏற்ற இறக்கம்தான் கொண்டாட்டம். எனக்கு முழுக்க ஓய மூன்று மாதம் ஆனது.

எந்த வகையானாலும் விளக்கில் செய்ய வேண்டியதை இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் ஜன்னல் வெயில் தொட்டியில் விழுகிறதா என்று ஒரு விடுமுறை நாளில் காலை முதல் மாலை வரை பாருங்கள். விழுந்தால் முதலில் அதைத் தடுங்கள். அப்புறம் விளக்கு எரியும் நேரத்தை நாளுக்கு 6 மணி நேரமாகக் குறையுங்கள். இரண்டு வாரம் பொறுத்தும் மாறவில்லையென்றால் பிரகாசத்தைப் பாதி அளவுக்கு இறக்குங்கள். டிம்மர் இல்லையென்றால் விளக்கை 10, 15 சென்டிமீட்டர் உயர்த்துங்கள். நடுவில் சில மணி நேரம் அணைத்துவிட்டு மறுபடி போடும் முறையைப் பலர் மருந்தாகச் சொல்கிறார்கள். நான் அதைச் செய்கிறேன், ஆனால் நான் வீட்டில் இருக்கும் நேரத்தில் தொட்டி வெளிச்சமாக இருக்க வேண்டும் என்பதற்காக. பாசி அதனால் குறைந்து பார்த்ததில்லை.

பாசி தின்னும் அமானோ இறாலுக்கு அந்தப் பெயர் வந்தது, செடித் தொட்டிக் கலையை உலகெங்கும் பரப்பிய ஜப்பானியர் தகாஷி அமானோவால். வெள்ளை எல்இடிக்கு அடிப்படையான நீல எல்இடிக்காக 2014இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர் ஹிரோஷி அமானோ. மற்ற இருவர் இசாமு அகாசாகியும் ஷுஜி நகமுராவும். பெயர் ஒன்று, ஆள் வேறு. நீலச் சில்லின் மேல், மஞ்சளாக ஒளிரும் பாஸ்பர் என்ற பொடியைப் பூசியதுதான் நம் தொட்டியின் மேல் எரியும் வெள்ளை. அந்த வெளிச்சத்தில், சுரண்ட முடியாத மாஸ் இடுக்குகளில் இந்த இறால்கள் நாள் முழுக்கப் பொறுக்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

செடி நெடுநெடுவென்று வளர்கிறது, அல்லது வளரவே இல்லை

ரொட்டாலாத் தண்டு ஒன்றை எடுத்துக் கணுவுக்குக் கணு இடைவெளியைப் பாருங்கள். இலைகள் அடுக்கடுக்காக நெருங்கியிருந்தால் ஒளி போதுமானது. கணுக்களுக்கிடையே ஒரு விரல் நுழையும் அளவு இடைவெளி, அடி இலைகள் உதிர்ந்து வெறும் தண்டு, சிவப்பாக இருக்க வேண்டியது பச்சையாகிவிட்டது என்றால் ஒளிப் பஞ்சம். தரையில் படர வேண்டிய மான்டே கார்லோ மேல்நோக்கி எழும்பினாலும் அதே காரணம்தான். நேரத்தைக் கூட்டாதீர்கள், பிரகாசத்தைக் கூட்டுங்கள். மங்கலான விளக்கை 12 மணி நேரம் எரித்தால் பாசிக்குத்தான் லாபம். வாரத்துக்குப் பத்து சதவீதம் என்று ஏற்றி, ஒவ்வொரு முறையும் புது இலையைப் பாருங்கள். பழைய இலை திருந்தாது.

ஆனால் எல்லா இளைப்பும் ஒளியால் வருவதில்லை. புது இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச் சத்து. பழைய இலை முதலில் மஞ்சளானால் நைட்ரஜன். பழைய இலையில் ஊசியால் குத்தியதுபோலத் துளைகள் என்றால் பொட்டாசியம். இந்த நிலையில் விளக்கைக் கூட்டுவது, பசியைக் கிளப்பிவிட்டுப் பட்டினி போடுவது போல. முதலில் உரம், அப்புறம் விளக்கு. கார்பன் டை ஆக்சைடு கொடுப்பவர்கள் விளக்கு எரிவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே அதைத் திறந்துவிடுங்கள். செடி விழிக்கும்போது அது நீரில் தயாராக இருக்க வேண்டும்.

விளக்கு மாற்றிய ஒரு வாரத்தில் கிரிப்டோகோரைன் இலைகள் கண்ணாடி போலாகிக் கரைந்தால் பதற வேண்டாம், பிடுங்கவும் வேண்டாம். சூழல் மாறினால் அது அப்படித்தான். கரைந்த இலைகளை மட்டும் எடுத்துவிடுங்கள். வேர் உயிரோடு இருக்கும், சில வாரத்தில் புது இலை விடும்.

செடிகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் விளக்கு நடுவில் இல்லை. நகர்த்துங்கள்.

விளக்கைப் போட்டதும் மீன் மிரள்கிறது

மீனுக்கு இமை கிடையாது. கும்மிருட்டில் இருந்தவரை முகத்துக்கு நேரே டார்ச் அடித்து எழுப்பினால் எப்படி இருக்கும்? கண்ணாடியில் மோதும், துள்ளி வெளியே விழவும் செய்யும். அறை விளக்கை அரை மணி நேரம் முன்னால் போட்டுவிட்டுத் தொட்டி விளக்கைப் போடுங்கள். மெல்ல மெல்ல ஏறும் வசதி இருந்தால் 15 முதல் 30 நிமிடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அணைக்கும்போதும் அப்படியே: தொட்டி விளக்கு முதலில், அறை விளக்கு பிறகு.

காலையில் நியான் டெட்ரா வெளுத்துப்போய், நீலக் கோடே மங்கித் தெரிந்தால் நோய் என்று மருந்து ஊற்றிவிடாதீர்கள். இரவில் அது நிறத்தை இறக்கிக்கொள்ளும். அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள், கோடு பளிச்சென்று வந்திருக்கும். பகல் முழுக்க வெளுத்தே இருந்தால்தான் கவலை. வெளிச்சம் அதிகம், தரை வெள்ளை, ஒளிந்துகொள்ள இடமில்லை என்ற மூன்றும் சேர்ந்தால் அப்படி ஆகும். கொஞ்சம் மிதக்கும் செடி போட்டால் இரண்டே நாளில் நடுத்தொட்டிக்கு வரத் தொடங்கும்.

நீல 'நிலா வெளிச்சத்தை' விடிய விடிய விட்டுவைக்காதீர்கள். மீனுக்கு முழு இருட்டில் ஓய்வு வேண்டும். நீங்கள் தூங்கப் போகும் முன் ஒரு மணி நேரம் ரசித்துவிட்டு அணைத்துவிடுங்கள்.

மீனின் நிறம் எடுக்கவில்லை

வெளிச்சத்தின் நிறச் சாயலைக் காட்டும் கெல்வின் எண்ணைப் பாருங்கள். 6500 பகல் வெளிச்சம் போல இருக்கும். 10,000 பக்கம் போனால் நீலம் பாயும், சிவப்பு மீன் சாம்பல் பூத்துத் தெரியும். 3000 என்றால் எல்லாம் மஞ்சள். கெல்வின் சரியாக இருந்தும் மந்தமாகத் தெரிந்தால் நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டுகிறது என்று சொல்லும் குறியீட்டு எண் (சிஆர்ஐ) குறைவு. 90க்கு மேல் உள்ளதை வாங்குங்கள். செடிக்கு இதனால் பெரிய வித்தியாசமில்லை, உங்கள் கண்ணுக்குத்தான்.

விளக்கு மாற்றிய பின் நீர் குளிர்ந்திருக்கிறது

மெட்டல் ஹாலைடோ பழைய குழல் விளக்கோ ஹூடுக்குள் இருந்தவரை நீரையும் சேர்த்துச் சூடாக்கியிருக்கும். எல்இடி தன் சூட்டை மேற்புறத்து உலோகம் வழியாகக் காற்றுக்கு விட்டுவிடும். ஒரு வாரம் காலையும் இரவும் தெர்மாமீட்டரைப் பாருங்கள். தேவைப்பட்டால் ஹீட்டரைக் கொஞ்சம் ஏற்றி வையுங்கள்.

இதற்குப் பிறகும் பிடிபடவில்லை என்றால்

அனுபவம் உள்ள யாரிடமாவது கேளுங்கள். கேட்கும்போது தொட்டியின் நீளம் அகலம் உயரம், விளக்கின் லூமெனும் கெல்வினும், நீர்மட்டத்திலிருந்து விளக்கு எத்தனை சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, கடைசியாக எதை எந்தத் தேதியில் மாற்றினீர்கள் என்பதையெல்லாம் சேர்த்துச் சொல்லுங்கள். தொட்டியின் நேர் முன்னாலிருந்து ஒரு படம், பாதிக்கப்பட்ட இலையை மிக அருகில் ஒரு படம். இரண்டாவது படம் எடுக்கும்போது ஃபில்டரை ஒரு நிமிடம் நிறுத்திக்கொள்ளுங்கள், இலை ஆடாமல் நிற்கும். எடுத்து முடித்ததும் ஃபில்டரைப் போட்டுவிட்டீர்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.